வோரியின் வண்டிக்கு ஒரு டேம்பர்

மார்ச் 9, சனி

காலையிலிருந்து தூறல். வோரி வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து என் கொட்டகையில் இறக்கினாள். எங்கள் கல்யாணம் முறிந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஒன்று மட்டும் மாறவில்லை. குளிர் தணிந்ததும் அவளுடைய பந்தய மோட்டார் சைக்கிள் என் கொட்டகைக்கு வந்துவிடும். அவள் ஓட்டுவாள், நான் பூட்டுவேன். மற்றதெல்லாம் எங்களுக்குச் சரிப்படவில்லை, இது சரிப்பட்டது. எங்கள் ஊர் ராம்ஸியில் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

இந்தத் தடவை அவள் கணவரும் கூட வந்தார். எம்லின். வேல்ஸ்காரர், கடைத்தெரு முனையில் ரொட்டிக்கடை. வழக்கமாக வேனை விட்டு இறங்கமாட்டார், கண்ணாடிக்குள்ளிருந்தே கையாட்டிவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விடுவார். வண்டி என்றாலே ஆகாது. பந்தய வாரத்தில் ரேடியோவை அணைத்துவிட்டு அடுப்பறையிலேயே கிடப்பாராம். இன்று இறங்கினார். கையில் ஒரு பெட்டி.

"டேம்பருங்க, கைப்பிடி உதறாம இருக்கிறதுக்கு. அவ பிறந்தநாளுக்கு வாங்கினேன். போன வருஷம் மாதிரி இன்னொரு தடவை ஆகக்கூடாது பாருங்க."

போன வருஷம். எங்கள் தீவின் சாலைகளில் நடக்கும் ஆகஸ்ட் பந்தயம், சல்பி நேர்ச்சாலை, கடைசி கியர். அங்கே ஒரு மேட்டில் முன்சக்கரம் எழும்பி, கொஞ்சம் கோணலாக இறங்கியதாம், பார்த்தவர்கள் சொன்னார்கள். கைப்பிடி வலமும் இடமுமாக அறைய ஆரம்பித்துவிட்டது. பழைய டேம்பரின் பிடியே முறிந்துபோயிற்று. பெட்ரோல் டாங்கில் அடிபட்டு அவளுடைய இரண்டு கட்டைவிரலும் கறுத்துவிட்டன. அப்படியும் விடாமல் பிடித்து, பந்தயத்தை முடித்து, இறங்கி வந்து, "டீ இருக்கா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தேன். தங்க நிறம், கண்ணைப் பறிக்கிற பளபளப்பு. தண்டை மெல்ல உள்ளே தள்ளினேன், இழுத்தேன். திசை மாறுகிற இடத்தில் கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. ஒரு சின்ன வெற்றிடம், அப்புறம்தான் பிடிக்கிறது. இன்னும் இரண்டு தடவை. அதே வெற்றிடம்.

எம்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் "நல்லா இருக்கு" என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

எதற்காக அப்படிச் சொன்னேன்? அதை மாட்டவா போகிறேன்?

மார்ச் 12, செவ்வாய்

டிராம் பட்டறையில் வேலை முடிந்து நேரே ரொட்டிக்கடைக்குப் போனேன். ஆறு வருஷத்தில் முதல் தடவை. கடையில் யாரும் இல்லை. எம்லின் மாவு படிந்த கையோடு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்த டேம்பர் ஆகாது," என்றேன். வரும் வழியெல்லாம் வேறு மாதிரி சொல்லத்தான் யோசித்திருந்தேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். முன்னாள் புருஷன் வந்து, நீ கொடுத்த பரிசு ஆகாது என்று சொன்னால் எனக்கு வந்திருக்கும். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமையே உங்க மூஞ்சி சொல்லிடுச்சு. எப்பச் சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். என்ன ஆகாது அதுல? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். அது ஓர் எண்ணெய்க் குழல். ஒரு முனை வண்டியின் சட்டத்தில், மறு முனை முன்சக்கரத்தைத் தாங்கும் கால்களில் ஒன்றில். கைப்பிடியை நிதானமாகத் திருப்பினால் எண்ணெய் வழிவிடும். வெடுக்கென்று அடித்தால் வழிவிடாது. நல்லதாக இருந்தால் திசை மாறுகிற அந்த நொடியிலேயே பிடிக்கும். இதில் அந்த நொடி காலி. உதறல் பிறப்பதே அந்தக் காலியில்தான்.

"மாவு மாதிரி சொல்றீங்க. மெள்ள இழுத்தா வரும். வெடுக்குன்னு இழுத்தா மல்லுக்கு நிக்கும்."

"அதேதான்."

"அப்ப நான் வாங்கினது பொங்காத மாவு." சிரித்தார். காகிதப் பையில் ஒரு ரொட்டியைப் போட்டு நீட்டினார். "எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க, நான் வாங்குறேன். என் பேர்லயே இருக்கட்டும். சரிதானே?"

சரிதான் என்றேன். ரொட்டி சூடாக இருந்தது. வீட்டுக்கு வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.

மார்ச் 24, ஞாயிறு

புது டேம்பரை மாட்டுவதற்கு முன்னால் வண்டியில் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சீழை உள்ளே வைத்துக் கட்டுப் போட்ட கதைதான். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கைப்பிடியை விரல் நுனியால் நகர்த்தினேன். நேராக வரும்போது ஓர் இடத்தில் 'டொக்' என்று சின்னதாக உட்கார்ந்தது. கைப்பிடி சுழலும் கழுத்து பேரிங். போன வருஷத்து அடியில் குழி விழுந்திருக்கிறது. புதியதைப் போட்டுவிட்டுப் பழையதை வோரியிடம் காட்டினேன்.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "இத்துனூண்டு குழியா?"

"இத்துனூண்டுதான்."

ரொம்ப நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

ஏப்ரல் 6, சனி

மூவரும் தீவின் தலைநகர் டக்ளஸுக்குப் போனோம். சைட்கார் பந்தயம் ஓட்டி ஒதுங்கிய ஒருவர் அங்கே சாமான்கள் விற்கிறார். மேஜைமேல் நாலைந்து டேம்பர்களைப் பரப்பினார். கைப்பிடிக்கு மேலே படுத்தாற்போல் உட்காரும் சுழல் வகையும் இருந்தது, பக்கவாட்டில் மாட்டும் குழல் வகையும் இருந்தது. சுழல் வகை அழகு. ஆனால் வோரி குனிந்து படுத்து ஓட்டுகிறவள், அவள் தாடைக்கு அது இடைஞ்சல். குழல்தான்.

எம்லின் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளி இழுத்தார். மெதுவாக, பிறகு வேகமாக. கடைக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். கறுப்பாக, ஒரு மினுக்கும் இல்லாத ஒன்றில் எம்லினின் கை நின்றது. இன்னொரு தடவை இழுத்தார். "ஃபின்லோ, இதப் பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். முனையிலிருந்து முனைவரை ஒரே சீர். திரும்புகிற இடத்தில் காலி இல்லை, தடங்கலும் இல்லை. திருகைத் திருப்பினால் ஒவ்வொரு சொடுக்கும் தனித்தனியாகக் கேட்கிறது, ஒவ்வொரு சொடுக்குக்கும் கையில் வித்தியாசம் தெரிகிறது. உள்ளே தேய்ந்தால் பிரித்து, எண்ணெய் மாற்றி, மறுபடி பூட்டலாம். இதை யார் கடைந்தார்களோ அவர்கள் கைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாம். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

வோரி ஓரமாக நின்று சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு மோதிரம் பார்க்கிற மாதிரி இருக்கீங்க."

ஏப்ரல் 14, ஞாயிறு

பொருத்தும் வேலை. பிடியை அலுமினியத்தில் நானே கடைந்தேன். முன்காலைப் பற்றும் வளையத்தை இறுக்கினால் குழாய் நசுங்கக் கூடாது, தளர்த்தினால் நழுவக் கூடாது. அதற்கே மதியம் ஆகிவிட்டது.

எம்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்துப் பார்த்தேன். வலது கோடிவரை சரி. இடது கோடியில், கைப்பிடி தன் தடுப்பில் போய் முட்டுவதற்கு முன்னாலேயே டேம்பரின் தண்டு தீர்ந்துவிட்டது. அப்படியே விட்டால் டேம்பரே தடுப்பாகிவிடும். ஒருநாள் முறியும். பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறொன்று கடைய உட்கார்ந்தேன்.

எம்லின் உதவுகிறேன் என்று மூலையில் வாளியை நகர்த்தியவர், "இங்க எலி ஏதாவது..." என்று ஆரம்பித்தார். அந்தப் பேரை இந்தத் தீவில் வாய்விட்டுச் சொன்னால் ஆகாது; தோஷம் கழிய நானும் வோரியும் ஒரே சமயத்தில் மரத்தைத் தொட்டோம். வோரி எண்ணெய்த் துணியை அவர் தலைமேல் வீசினாள்.

"நீள்வால்னு சொல்லுய்யா! எத்தன வருஷமா இந்தத் தீவுல இருக்க? அதுவும் பந்தய வண்டி பக்கத்துல!"

"வேல்ஸ்ல அதுக்குப் பேரு எலிதான்!"

"அதான் வேல்ஸ்ல யாரும் ஜெயிக்கிறதில்ல."

சாயங்காலத்துக்குள் இரண்டாவது பிடி அமைந்தது. இரண்டு கோடியிலும் தண்டுக்குக் கொஞ்சம் மிச்சம். எங்கும் உரசல் இல்லை. கைப்பிடியை மெதுவாகத் திருப்பினேன், தண்ணீருக்குள் கையை விடுவதுபோல் போயிற்று. அறைந்து திருப்பினேன், நின்றது.

மே 5, ஞாயிறு

ஜர்பியில் பழைய விமான ஓடுதளத்து வளையத்தில் ஓட்டிப் பார்த்தோம். நான் திருகைப் பாதிக்கு மேல் இறுக்கி வைத்திருந்தேன். ஐந்து சுற்று போய்விட்டு வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் சிவந்திருந்தது.

"யாருய்யா இதை இவ்ளோ இறுக்கினது?"

"நான்தான். பாதுகாப்புக்கு..."

"வண்டி எங்கிட்டப் பேசவே மாட்டேங்குது. ரோடு என்ன சொல்லுதுன்னு கைக்கு வரணும். நீ அது வாயைப் பொத்தி வச்சிருக்க. மெதுவாப் போனா நெளியுது, குடிகாரன் மாதிரி. பயம் யாருக்கு? எனக்கா, உனக்கா?"

எனக்குத்தான். திருகைத் தளர்த்தினேன். மறுபடி போனாள், சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஜர்பி சல்பி இல்லை. அந்த வேகம் இங்கே கிடையாது, அந்த மேடும் கிடையாது. எவ்வளவு சொடுக்கு என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே அவள் தனியாகப் போவாள். என்ன நடந்தது என்று கேட்டால் "நல்லா இருந்துது" என்பாள். எப்போதும் "நல்லா இருந்துது"தான்.

மே 8, புதன்

எம்லினிடம் இதைச் சொன்னேன். ரொட்டி வாங்கப் போன இடத்தில், சும்மா. பந்தயத்தின்போது நான் பெட்ரோல் போடும் இடத்தை விட்டு நகர முடியாது, சல்பியில் நின்று கைப்பிடி எத்தனை தடவை உதறுகிறது என்று பார்க்க ஆள் இல்லை என்றேன். அதற்குள் ஓர் அம்மாள் பன் கேட்டு வந்துவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

வோரி சொல்லித்தான் தெரியும். எம்லின் பந்தயத்துக்குப் பாதைக் காவலராகப் பேர் கொடுத்திருக்கிறார். பயிற்சிக்கும் போய் வந்துவிட்டாராம். ஆரஞ்சுச் சட்டை, விசில், எல்லாம். சல்பி நேர்ச்சாலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"ஏன்னு கேட்டேன். ஆள் பத்தலையாம்னு சொல்றான்," என்றாள் வோரி. "பொய். டிவில கார் மோதினா எழுந்து போயிடற ஆளு. என்ன சொன்ன நீ அவங்கிட்ட?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன்.

என்னால் அதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அவளோடு வாழ்ந்தவன். அவள் ஓட்டும்போது நான் எப்போதும் பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறேன். அவள் வருவாள், நிற்பாள், போவாள். பந்தயத்தில் வேகமாகப் போகும்போது நான் பார்த்ததே இல்லை. வேலை இருந்தது. வேலை இருந்தது நல்லதாயிற்று.

ஆகஸ்ட் 19, திங்கள்

முதல் பயிற்சி மாலை. சாலையை மூடினார்கள், வண்டிகள் போயின. வோரி இரண்டு சுற்று முடித்து வந்தாள். "நல்லா இருந்துது."

எம்லின் போனில் கூப்பிட்டார். பின்னால் நாய் குரைக்கிற சத்தம். குரலே எழும்பவில்லை.

"கண்ண மூடிட்டேன், ஃபின்லோ. சத்தம் கேட்டுச்சு. அவதான்னு தெரிஞ்சுது. மூடிட்டேன். ரெண்டு தடவையும்."

"பரவால்ல," என்றேன்.

"பரவால்லைன்னு சொல்லாதீங்க. அதுக்குன்னுதானே வந்து நிக்கிறேன்."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எங்கள் கடல் தெய்வம் மனன்னான் தன் போர்வையை மலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டான். மூடுபனி. பயிற்சி இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

வோரி இன்னும் வந்து சேரவில்லை, அதற்குள் போன்.

"பாத்துட்டேன்! நாலு தடவை. மேட்டுல எறங்கினதும் கைப்பிடி நாலு தடவை அடிச்சுது. சிலிர்த்துக்கிட்ட மாதிரி. அப்புறம் அடங்கிடுச்சு."

"நாலா? நிச்சயமா?"

"யோவ், நாலுதான்யா! நான் என்ன, எண்ணத் தெரியாதவனா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை யோவ் என்றது இதுதான் முதல் தடவை.

வோரி வந்து "நல்லா இருந்துது" என்றாள். நான் பேசாமல் குனிந்து இரண்டு சொடுக்கு இறுக்கினேன். பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. என் தோளைத் தொட்டு, "கைல ஒரு சின்னப் பதட்டம் இருந்துது," என்றாள்.

இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்க ஒரு கல்யாணமும் ஒரு விவாகரத்தும் ஆகியிருக்கிறது.

ஆகஸ்ட் 22, வியாழன்

எம்லின்: "இன்னிக்கு ஒரே ஒரு தலையாட்டல். 'சரி போ'ன்னு சொல்ற மாதிரி. அவ்ளோதான்."

வோரி: "ஹேர்பின் வளைவுலயும் கனமா இல்ல. இதத் தொடாத. யாரும் தொடாதீங்க."

இனி நகர்ந்தால் தெரியட்டும் என்று திருகின்மேல் ஒரு துளி வண்ணம் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, புதன்

பந்தயம் முடிந்தது. தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

வோரி நன்றாகத் தொடங்கினாள். முதல் சுற்றில் பதினாறாவது. இரண்டாவது சுற்றில் பெட்ரோல் போட வந்தாள், கண்ணாடியைத் துடைத்தேன், கையால் சரி என்று காட்டிவிட்டுப் போனாள். மூன்றாவது சுற்றில் ஒலிபெருக்கி சொன்னது: சல்பி நேர்ச்சாலையில் ஒருவர் விழுந்துவிட்டார், மஞ்சள் கொடி.

யார் என்று சொல்லவில்லை.

பக்கத்தில் நின்றவர் என்னிடம் ஏதோ கேட்டார், என்ன கேட்டார் என்று தெரியாது. எம்லினைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று எழுதமாட்டேன். டேம்பரின் ஒவ்வொரு திருகையும் மனசுக்குள் ஒரு தடவை இறுக்கினேன். பிடி, வளையம், முனை, பூட்டு. எல்லாம் என் கையால் போட்டது.

பிறகு சல்பியைத் தாண்டி ராம்ஸியில் அவளுடைய எண்ணைப் பார்த்ததாக ஒலிபெருக்கி சொன்னது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே கத்தினேன்.

பதினோராவதாக வந்தாள். அவள் இதுவரை வந்ததிலேயே மேலான இடம். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதல் வார்த்தை: "எம்லின் எங்க?"

விழுந்தது லங்காஷயரிலிருந்து வந்த ஒருவர். எம்லின் நின்ற இடத்துக்கு நேர் எதிரே. வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். முதலில் ஓடிப் போனது எம்லின்தானாம். கால் உடைந்தது உறைக்காமல் அந்த ஆள் எழுந்து சாலைக்கே வரப் பார்த்திருக்கிறார். எம்லின் அவர் தலையை அசையவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து, ஹெலிகாப்டர் வரும்வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். எதைப் பற்றி? ரொட்டியைப் பற்றி. எந்த மாவுக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரம் ஊறணும் என்று. வேறொன்றும் தோன்றவில்லையாம்.

"நான் அந்த இடத்த ரெண்டு தடவை தாண்டிப் போனேன்," என்றாள் வோரி. "மொத தடவ மஞ்சள் கொடி. குனிஞ்சு மண்டி போட்டிருந்தான். என் வண்டிச் சத்தம் அவனுக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்கல." சிரித்தாள், அழுதாள், இரண்டும் ஒன்றாக. "திரும்பியே பார்க்கல, ஃபின்லோ. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துது."

சாயங்காலம் எம்லின் வந்தார். முட்டியெல்லாம் தார், சட்டைக் கையில் ரத்தம். கூடாரத்துக்குள் வந்து, வோரியைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கடைசிச் சுற்றுல எத்தன தடவ உதறிச்சுன்னு நான் பார்க்கல. மன்னிச்சுடுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வோரிதான் சொன்னாள்: "உதறவே இல்லய்யா. போய்க் கையக் கழுவு. டீ போடறேன்."

ஆகஸ்ட் 29, வியாழன்

லங்காஷயர்க்காரருக்குக் கால் எலும்பும் தோளெலும்பும் போயிருக்கின்றன. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "அந்த உப்புக்காரர் யாரு?" என்று கேட்டாராம்.

செப்டம்பர் 1, ஞாயிறு

டேம்பரைக் கழற்றித் துடைத்தேன். தள்ளி இழுத்துப் பார்த்தேன். ஒரு பந்தயக் காலத்து அடியை வாங்கிக்கொண்டும் முனையிலிருந்து முனைவரை அதே சீர். எண்ணெய் ஒரு துளி கசியவில்லை. நன்றாகச் செய்த பொருளுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அவசியமே இல்லை. சல்பியில் அது செய்த வேலை யார் கண்ணிலும் படவில்லை. படாததுதான் அந்த வேலை.

அக்டோபர் 20, ஞாயிறு

வோரி லிவர்பூலில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அடுத்த வாரக் கடைசிவரை.

மதியம் எம்லின் போன் செய்தார். அடுப்பின் கதவுக் கீல் ஒன்று இறங்கிவிட்டது, மூடினால் சூடு வெளியே போகிறது, நாளைக்குக் கடை திறக்கணும், பார்க்க முடியுமா என்றார். சாமான் பையை எடுத்துக்கொண்டு போனேன். கீலின் ஊசி தேய்ந்திருந்தது. பட்டறைக்குப் போய் ஒன்று கடைந்து வந்து போட்டேன். கதவு விரல் பட்டதும் மூடிக்கொண்டது.

"இருய்யா, சோதிச்சுப் பாக்க வேணாமா?" என்று எம்லின் மாவைப் பிசைய ஆரம்பித்தார். எனக்கும் ஓர் உருண்டை தள்ளினார். நான் பிசைந்ததைப் பார்த்து, "டிராம் சக்கரத்த இறுக்குற மாதிரி இறுக்காதய்யா," என்றார். என் ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்து வெந்தது. அதை வெண்ணெயோடும் கருவாட்டோடும் தின்றோம். அவர் அப்பா வேல்ஸில் கார்டிகன் பக்கம் நிலக்கரி லாரி ஓட்டியதைச் சொன்னார். நான் என் அண்ணன் ஆஸ்திரேலியா போனபின் எழுதாமலே இருந்துவிட்டதைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மழை பிடித்துக்கொண்டது. விடட்டும் என்று இன்னொரு டீ.

கடற்கரையோரமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம், இரண்டு பேரும் வோரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.